சுவரோரம் யாருக்கு?

எனக்கும் என் தம்பிக்கும் சின்ன வயதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை இருந்தது. எங்கள் அம்மா சுயநலக்காரி என்பதே அது. மற்றபடி நாங்கள் இருவரும் எலியும் பூனையும்தான்.

சித்தூரில் சர்ச்சுக்குப் பின்னால் இறங்குகிற தெருவில் அப்போது குடியிருந்தோம். ஓட்டு வீடு. பின்னறையில் அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும் பாய் விரித்துப் படுப்போம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, பாதி நாள் இரவுப் பணி. வீட்டில் இருக்கிற நாளிலும் அவர் முன்கூடத்துக் கட்டிலைவிட்டு நகரமாட்டார். பின்னறையில் சந்துப் பக்கத்துச் சுவரோரம் இருக்கிறதே, அந்த வீட்டிலேயே அதுதான் நல்ல இடம். சித்தூர் வெயிலுக்கு அந்தச் சுவர் மட்டும் எப்போதும் சில்லென்று ஈரம் கோத்து இருக்கும். முதுகை ஒட்டிக்கொண்டு படுக்கலாம். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்ளலாம். பொருபொருத்துப்போன சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஆந்திரா மேப் வரையலாம். அந்த இடத்தை அம்மா ஒரு நாள்கூட எங்களுக்கு விட்டுக் கொடுத்ததில்லை. கெஞ்சியிருக்கிறோம், அழுதிருக்கிறோம், தம்பி ஒரு நாள் சோறு துன்ன மாட்டேன் என்று பிடிவாதம்கூடப் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் வந்துவிட்டால் இன்னும் மோசம். எங்களை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் படுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் சந்துச் சுவரோரம் நீட்டிப் படுத்துக்கொள்வாள். ஞாயிறு பள்ளியில் ஜெபத்துக்கு விண்ணப்பம் சொல்லச் சொன்னபோது, எங்க அம்மாவுக்கு நல்ல மனசு கொடுங்க ஆண்டவரே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கிடைத்த குட்டு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சுவர் சாய்ந்திருந்தது. அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து அது அப்படித்தான் இருந்தது. பின்னால் இருந்த சந்தில் வருஷாவருஷம் மண் கொட்டிக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அந்த மண்ணும் மழைத் தண்ணீரும் சேர்ந்து சுவரை மெதுவாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. நைனா வீட்டுக்காரரிடம் மூன்று முறை போய்ச் சொன்னார். வீட்டுக்காரர் தெலுங்குக்காரர், தமிழும் நம்மைப்போலவே பேசுவார். மூன்று முறையும் வந்து, சுவரை உள்ளங்கையால் மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்து, "ஏமி காதுப்பா, ஒண்ணும் ஆவாது! எங்க நாயனா கட்டின சுவரு. அதுபாட்டுக்கு நின்னுக்கினு இருக்குது, நீ ஏன் பயந்துக்கினு இருக்கே?" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனா அதற்கு மேல் பேசத் தெரியாதவர். வேறு வீடு பார்க்கலாம் என்றால் அந்த வாடகைக்கு சர்ச்சும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிட்டத்தில் இருக்கிற வீடு எங்கே கிடைக்கும்?

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் மிஸ் ஒரு போட்டி வைத்தார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் வார்த்தைகளும் நம்மைப்போல குடும்பம் குடும்பமாக இருக்கும் என்பது மிஸ்ஸின் கட்சி. ஆளுக்கு ஒரு குடும்பத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்துகொண்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி, பெரிய வெள்ளைத் தாளில் நல்ல எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். மிஸ் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பிறகு அதை மனப்பாடம் பண்ணி, திருப்பதியிலிருந்து வருகிற பெரிய மிஸ் ஒருவர் முன்னால் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தின்பண்டக் குடும்பம் வந்தது. அவளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு நிறங்கள். எனக்கு வந்தது சாய்கிற குடும்பம். லீன், ஸ்லோப், ஸ்லாண்ட், டில்ட், டெண்ட், இன்க்ளைன்ட். ஆறு பேர், ஆறு பேர் முகத்திலும் ஒரே களை. மிஸ் எத்தனையோ பொறுமையாகச் சொன்னார்கள். நிற்கிற பொருள் ஒரு பக்கம் சாய்ந்தால் முதலாவது. தரை சரிந்தால் இரண்டாவது. கோடு நேராகப் போகாமல் சாய்வாகப் போனால் மூன்றாவது. மட்டமாக இருந்தது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் நான்காவது. வழக்கமாக ஒன்று இப்படித்தான் ஆகும் என்றால் ஐந்தாவது. அப்படிச் செய்யப் பார்க்கிறது, இதோ செய்துவிடும் போலிருக்கிறது என்றால் ஆறாவது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பையைத் தூக்கிக் கடாசிவிட்டு ஓவென்று அழுதேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னாத்துக்குடி ஒப்பாரி வைக்கறே?"

"எல்லாருக்கும் நல்ல நல்ல வார்த்தையாக் குடுத்துட்டு எனக்கு மட்டும் சாயறதையே குடுத்துட்டாங்கம்மா. சாஞ்சா சாஞ்சதுதானே? அதுக்கு எதுக்கு ஆறு வார்த்தை?"

அம்மா தமிழில் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், மருந்துச் சீட்டில் நைனா பெயரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று ஆரம்பித்தாள். சாய்வு, சரிவு, கோணல், ஒருக்களிப்பு, மேஸ்திரி தண்ணீர் ஓடுவதற்கு வைக்கிற வாட்டம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் முழுக்க ஒரே கூத்து. அம்மா ரசச் சட்டியை ஒருக்களித்துக் காட்ட நான் டில்ட் என்று கத்தினேன். தம்பி சர்ச் மேட்டிலிருந்து உருண்டு வர, நான் ஸ்லோப் என்றேன். நைனாவின் கையெழுத்து வலப் பக்கம் விழும், என்னுடையது இடப் பக்கம் விழும், அது ஸ்லாண்ட். அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பினால் பொங்கித் தொலைக்கும், அது டெண்ட். தம்பிக்கு உருண்டதில் முழங்கால் தோல் பேர்ந்துவிட்டது. அவன் அதையும் சந்தோஷமாகக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஆறாவது வார்த்தைக்குத்தான் நான் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு அருமையான வாக்கியம் எழுதினேன். சர்ச்சில் பாதிரி ஐயர் பிரசங்கம் ஆரம்பித்தால் எங்கள் நைனா தூங்கப் பார்க்கிறார் என்று. இங்கிலீஷில் அது எத்தனை கம்பீரமாக இருந்தது தெரியுமா? அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அடிப்பாவி! உங்க மிஸ்ஸு நம்ம சர்ச்சுக்குத்தானே வராங்க? எழுதறதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டாள். பின்னறைப் பக்கம் பார்த்தாள். "ஏண்டி, ஆறையும் ஆறு விஷயத்தப் பத்தி எழுதினா மறந்துபூடுவே. ஆறையும் அந்தச் சுவத்தப் பத்தியே எழுதேன். படுக்கறப்போ எழுந்திருக்கறப்போ பாத்துக்கினே இருக்கலாம்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாங்கள் சந்துக்குப் போனோம். அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள், நான் எழுதினேன். இந்தச் சுவர் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சந்து சுவரை நோக்கிச் சரிகிறது. விரிசல் மேலிருந்து கீழே சாய்வாகப் போகிறது. மேலே ஓடுகள் ஒரு பக்கம் தூக்கியிருக்கின்றன. இப்படிப்பட்ட சுவர்கள் மழையில் விழுவது வழக்கம். இது விழப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் அம்மா என்னை இரண்டு தடவை அர்த்தம் சொல்ல வைத்தாள். கடைசி வாக்கியத்துக்கு மூன்று தடவை. அம்மாவுக்குத் திடீரென்று இங்கிலீஷ் மேல் இத்தனை ஆசை வந்ததே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளைத் தாளில் இடப் பக்கம் மடித்து ஓரம் விட்டு, கறுப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதினேன். மிஸ் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்கவில்லை. அடியில் சிவப்பு மையில் பார்த்தேன் என்று இங்கிலீஷில் எழுதி, மண்புழு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார்கள். அதை நான் பின்னறைக்குள் ஒட்டப் போனேன். அம்மா விடவில்லை. உள்ளே அடுப்புப் புகை படிந்து கெட்டுப்போகும், வெளியே சந்துப் பக்கம் ஒட்டினால் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் படிக்கலாம் என்றாள். அவளே மைதா காய்ச்சினாள். என் உயரத்துக்கு ஒட்டச் சொன்னால், ஆடு துன்னுடும் என்று தன் தலை உயரத்துக்கு ஒட்டினாள். நான் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துப் படிக்க வேண்டியிருந்தது. கழுத்து வலித்தது.

எங்கள் ஊரில் காகிதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தமிழில் வந்தால் அது கல்யாணப் பத்திரிகை, இல்லாவிட்டால் சர்ச் அறிவிப்பு. தெலுங்கில் வந்தால் முனிசிபாலிட்டி. அதைப் பார்த்தால் ஜனங்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, தெரிந்த ஆளைப் பிடித்துச் சரிக்கட்டிவிடுவார்கள். இங்கிலீஷில் வந்தால் கலெக்டர் ஆபீஸ். அதற்குத் தெரிந்த ஆளும் கிடையாது, சரிக்கட்டலும் கிடையாது. வீட்டுக்காரர் தினமும் காலையில் பால் வாங்க அந்தச் சந்து வழியாகத்தான் போவார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது ஏது?

நான்காம் நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் சுவரில் தாள் இல்லை. மைதாத் தழும்பு மட்டும் இருந்தது. உயிரே போய்விட்டது எனக்கு. போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அழுதுகொண்டே உள்ளே ஓடினால் முன்கூடத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் தாள், நாலாக மடித்து, துண்டில் சுற்றி இருந்தது. ஆள் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். கச்சேரித் தெருவில் மனு டைப் அடிக்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, இது இஞ்சினியர் எழுத்து, அவங்கதான் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியமா வளவளன்னு இல்லாம எழுதுவாங்க, கீழே பெரிய அதிகாரி பார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்தும் போட்டாச்சு என்று சொல்லிவிட்டாராம்.

"நிஜத்தச் சொல்லும்மா. எந்த ஆபீஸ்லேர்ந்து வந்து ஒட்டினாங்க? ஜீப்புல வந்தாங்களா?"

"ஆபீஸ்காரங்க யாரும் வரலீங்க," என்றாள் அம்மா. "எங்க பொண்ணுதான் எழுதிச்சு. இஸ்கூலு பாடம். நான்தான் ஒட்டினேன்."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவாடை ஒரு பக்கம் ஏறி, மூக்கு ஒழுக, வாயில் பாதி கொடுக்காப்புளியோடு நான் நின்றிருந்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாருக்கும்மா காது குத்தறே? நான் பேரன் பேத்தி எடுத்தவன். இந்தக் குட்டி இஞ்சினியர் இங்கிலீஷ் எழுதுதா? சரி, காணிப்பாக்கத்துக்கு வா. பிள்ளையார் முன்னாடி முழுகிட்டு ஈரத்துணியோட இதையே சத்தியம் பண்ணிச் சொல்லு பாக்கலாம்."

சித்தூர்ப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண எந்தக் கொம்பனுக்கும் துணிச்சல் வராது. அங்கே வரத் தயங்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள். "எங்க வேதத்துல சத்தியமே பண்ணக்கூடாதுன்னு இருக்குதுங்க. உள்ளதை உள்ளதுன்னு சொல்லணும், இல்லாததை இல்லைன்னு சொல்லணும். அவ்ளோதான். நான் சொல்லிட்டேன்."

வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ பெரிய இடத்துச் சமாசாரம், இந்தப் பொம்பளை வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு முடிவாகிவிட்டது. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் எழுதியதை நான் எழுதவில்லை என்று ஒரு மனுஷன் என் வீட்டுக்கே வந்து சொல்வதா? இந்த இடத்திலேயே ஆறையும் கடகடவென்று ஒப்பித்துக் காட்டுகிறேன் என்று கொடுக்காப்புளியைத் துப்பிவிட்டு, "தி வால்..." என்று ஆரம்பித்தேன்.

"போயி அவருக்கு மோர் எடுத்தாடி," என்று அம்மா என் முதுகில் கை வைத்து ஒரே தள்ளாகச் சமையல்கட்டுக்குள் தள்ளினாள். மோர்ப்பானையில் மோரும் இல்லை. நான் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி, உப்புப் போட்டு, கொண்டுவந்து பார்த்தால் அவர் போயே போய்விட்டார், என் தாளோடு.

"என் தாளைக் கேக்காம விட்டுட்டியேம்மா!" என்று தரையில் விழுந்து புரண்டேன்.

"போனாப் போவுது. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. சொல்லு, கேக்கறேன்," என்று உட்கார்ந்து, ஆறையும் கேட்டாள். கேட்கும்போது அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நான் தப்பாகச் சொல்கிறேனோ என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த நாளே புத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். எங்களுக்குத் திருவிழாதான். பின்னறைச் சாமான்களை எல்லாம் கூடத்தில் போட்டோம். மேஸ்திரி உள்ளே சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். நூல் நேராகத் தொங்கியது, சுவரின் அடி எங்கேயோ பின்னால் நின்றது. இடையில் என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சாண் முழுசாகப் போனது. தம்பியும் வைத்துப் பார்த்தான். மேஸ்திரி எங்களைச் சத்தம் போட்டு வெளியே துரத்தினார். மேலே ஓடுகளை இறக்கி, முட்டுக்கொடுத்துவிட்டு, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினார். இரண்டாவது நெம்புக்குச் சுவர் இருக்கவில்லை. மொத்தமாக, கட்டிலில் ஆள் விழுவதுபோல், உள்ளே விழுந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால் உள்ளுக்குள் எல்லாம் ஈர மண். நானும் தம்பியும் கைதட்டிக் குதித்தோம். பின்னறையிலிருந்தே சந்து தெரிந்தது, சர்ச் கோபுரம் தெரிந்தது, எதிர்வீட்டு ஆடு உள்ளே எட்டிப் பார்த்தது!

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, இந்த ரூம்லயா படுத்துக்கினு இருந்தீங்க?"

"ஆமாங்க."

"சொவத்தோரம் யாரு?"

"நான்தான்," என்றாள் அம்மா.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்த்தாயா, மேஸ்திரிக்கே அந்த இடத்தின் மேல் ஒரு கண் என்று நான் தம்பி காதில் சொன்னேன்.

புதுச் சுவர் செங்கலும் சிமெண்டுமாக எழுந்தது. மண் சரியாமலிருக்கச் சந்துப் பக்கம் கல்லும் அடுக்கினார்கள், தண்ணீர் ஓட வாட்டம் வைத்தார்கள். வேலை முடிந்த அன்று வீட்டுக்காரர் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்ல சொல்லிடும்மா, ரிப்பேர் பண்ணிட்டோம்னு," என்றார். சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடறேங்க என்றாள் அம்மா. சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவள் மட்டும் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது.

போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு. ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. தின்பண்டக் குடும்பத்துக்காரி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். திருப்பதி பெரிய மிஸ்ஸுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டிருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இருக்க முடியாது. ஆனாலும் என் சுவரைக் கேட்டு அந்த மிஸ் புருவத்தைத் தூக்கினார்கள். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். நானே எழுதினேன், எங்க வீட்டுச் சுவர்தான், இடிச்சுட்டாங்க என்றேன். மிஸ் சிரித்துவிட்டார்கள்.

சோப்பு டப்பாவை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடி, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பதினோரு வயதுக் குதிரையை யாராவது மடியில் போட்டுக்கொள்வார்களா? தம்பிக்குப் பொறாமையில் முகம் சிவந்தது. "உனக்கு என்னாடி வேணும்? கேளு, எது கேட்டாலும் குடுக்கறேன்," என்றாள்.

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வராது என்று எனக்குத் தெரியும். "சொவத்தோரம்," என்றேன்.

அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "எடுத்துக்கோ. இனிமே அது உனக்குத்தான்," என்றாள்.

அன்றைக்கே விளக்கு வைத்ததும் பாயை இழுத்துச் சுவரோரம் போட்டேன். புதுச் சுண்ணாம்பு வாசம். காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு, "ஆறு வார்த்தை படிச்சிருந்தா உனக்கும் கிடைச்சிருக்கும்டா," என்று தம்பிக்கு வெறுப்பேற்றினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் தடதடவென்று விழுந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஆறையும் இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன். நாலாவது வார்த்தைக்கு வரும்போது நடுவில் படுத்திருந்த அவளிடமிருந்து லேசான குறட்டை வந்தது. மழை நாளில் எங்களுக்கு முன்னால் அம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் இங்கிலீஷ் அவளுக்கு அலுத்துப்போய்விட்டது என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.